வாய் மூடிய நாற்பது நாள்

அக்டோபர் 22, செவ்வாய்

மூக்கு வழியாகக் கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்த்தார் டாக்டர். குரல் நாண் இரண்டிலும் அரிசி அளவுக்கு முடிச்சு இருக்கிறதாம். கத்திக் கத்தி வந்ததாம். பின்னே? இருபத்திரண்டு வருஷமாக மூன்றாம் வகுப்பு. ஜன்னலுக்கு வெளியே ஜி.எஸ்.டி. ரோடு, தலைக்கு மேலே ஏரோப்ளேன், உள்ளே நாற்பத்தாறு பிள்ளைகள். கத்தாமல் யாராவது அவர்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டால் நான் அன்றைக்கே ராஜினாமா செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சர்ச்சில் பாடகர் குழு. அதிலும் மேல் குரல்.

"சின்ன ஆபரேஷன்தான், பண்ணிடலாமா?" என்றார்.

"வேற வழியே இல்லையா சார்?" என்னுடைய குரல் எனக்கே சகிக்கவில்லை.

"இருக்கு. வாயை மூடணும். முழுசா. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். காபி, காரம், ராத்திரி லேட் சாப்பாடு எல்லாம் நிறுத்தணும். உங்களால முடியுமா?"

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் சாலமோன் டாக்டர் முன்னாலேயே சிரித்துவிட்டார். "இவளா? தூக்கத்துலயே பேசிக்கினு இருப்பா சார்."

அந்தச் சிரிப்புக்காகவே சொல்கிறேன், முடியும். டிசம்பர் 2 வரைக்கும் டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் சுருங்கவில்லை என்றால் கத்தி. டிசம்பர் 22 சர்ச்சில் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை. பதினேழு வருஷமாக அதில் தனிக்குரல் நான்தான். இந்த வருஷமும் நான்தான்.

அக்டோபர் 23, புதன். முதல் நாள்

நாற்பது நாள் என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்கு ஆரம்பித்தால் டிசம்பர் 1-ல் முடியும். பள்ளிக்கூடத்தில் மெடிக்கல் லீவு. பீரோவில் கிடந்த சிலேட்டையும் பல்பத்தையும் எடுத்துத் துடைத்தேன். வீட்டுக்குள் பேச்சு அதில். மனசுக்குள் இருக்கிற பேச்சுக்கு இந்த நோட்டு. எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

தொண்டை மிட்டாய் டப்பா குப்பைக்குப் போனது. ஒரு நாளைக்கு ஆறு சப்பிக்கொண்டிருந்தேன், ஆறு! காபிப் பொடி டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்லி இவரிடம் எழுதிக் காட்டினேன். "என் கண்ணுலயா, உன் கண்ணுலயா?" என்றார். எத்தனை நாளைக்குத் தாங்கும் பார்க்கலாம் என்ற முகம். பார்.

அக்டோபர் 24, வியாழன்

தாம்பரம் மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். சிலேட்டில் ‘சித்தரத்தை, ஆடாதோடை, மிளகு, பனங்கற்கண்டு’ என்று எழுதி நீட்டினேன். கடைக்காரர் என்னை ஊமை என்று நினைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார்: "இன்னாம்மா, காஞ்ச எலை வோணுமா, பச்சை எலை வோணுமா?" பேச்சு வராவிட்டால் காதும் கேட்காது என்று யார் சொன்னது? அந்த ஆளுக்கும் சீக்கிரம் தொண்டையில் முடிச்சு வரும்.

துளசியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், நான் தருகிறேன் என்றார் பக்கத்து வீட்டு யக்ஞநாராயணன் சார். டெலிபோன் டிபார்ட்மென்டில் ரிட்டயர் ஆனவர். அவர் மனைவியை எல்லாரும் மாமி என்போம். பெங்களூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். மாமியின் துளசி பக்கத்திலேயே விழுந்து முளைத்து முழங்கால் உயரம் வளர்ந்த செடியை சார் வேரோடு எடுத்துக் கொடுத்தார். கூடவே சட்டங்கள்.

"பொழுது சாஞ்சா பறிக்கப்படாது. நகத்தால கிள்ளப்படாது. வெள்ளிக்கிழமை தொடவே தொடாதீங்கோ."

சிலேட்டில் எழுதினேன்: வெள்ளிக்கிழமை தொண்டை வலிக்காதா?

சார் சிரித்தார். பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, மண் போட்டு, வாசலில் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கேதான் காலை வெயில் நேராக விழுகிறது.

அக்டோபர் 28, திங்கள்

தலைவலி. காபி இல்லாத தலைவலி. கடவுளே, இது என்ன தலைவலி! பக்கத்துத் தெருவில் யாரோ டிகாக்‌ஷன் இறக்குகிறார்கள், என் மூக்குக்குத் தெரிகிறது.

நவம்பர் 2, சனி. பதினொன்றாம் நாள்

இப்போது ஒழுங்கு வந்துவிட்டது. ஐந்தரைக்கு எழுந்து வெந்நீர். அரை மணி நேரம் நடை. பத்து துளசி, ஒரே ஒரு ஆடாதோடை இலை (ரெண்டு போட்டால் நாக்கு செத்துவிடும், போட்டுப் பார்த்தேன்), தட்டின மிளகு, சித்தரத்தை, எல்லாம் கொதித்துப் பாதியாக வற்ற வேண்டும். மாலை ஆறரைக்கு ராத்திரிச் சாப்பாடு. கம்பு தோசை, இல்லாவிட்டால் கஞ்சி. நெஞ்செரிச்சல் என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இவர் தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். இத்தனை நாள் ஏழரைக்கு வந்து பரோட்டா தின்றவர். இன்றைக்கு ஆறரைக்கே வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். "மாடு மாதிரி கஞ்சி குடிக்க வெச்சிட்டியே" என்றார். ரெண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தார்.

நவம்பர் 6, புதன்

ஒரு விஷயம் எழுத வேண்டும். இவர் பேசுகிறார்.

கல்யாணம் ஆகி இருபத்து நான்கு வருஷம். இந்த மனுஷனுக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுச் சாப்பிடும்போது ஷெட்டில் நடந்ததைச் சொன்னார். இன்றைக்கு அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். நான் குறுக்கே விழ முடியாதே, அதனால் முடிவு வரைக்கும் சொன்னார். நான்தான் இத்தனை வருஷம் இடமே கொடுக்கவில்லையோ? சரி, அதையும் எழுதிவிட்டேன்.

நவம்பர் 9, சனி

ரோஸி அக்கா வந்தார். சர்ச்சில் பெண்கள் சங்கத்துச் செயலாளர். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்து நாற்காலி. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வந்தவர் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"என்ன ஞானம், வாசல்ல துளசி வெச்சிருக்கே?"

சிலேட்டு: கஷாயத்துக்கு.

"கஷாயம்னா கொல்லைப் பக்கம் வெச்சுக்கக் கூடாதா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? புதன்கிழமை உங்க வீட்லதான் ஜெபக் கூட்டம், ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது அக்கா. பாக்கறவங்களுக்கு வேற வேலை இல்லையான்னு கேக்க வாய் துறுதுறுன்னு வந்துச்சு. பதினெட்டு நாள் வீணாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

நவம்பர் 13, புதன். இருபத்திரண்டாம் நாள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

காலை ஏழு மணிக்கு சார் கேட்டில் வந்து நின்றார். முகமே சரியில்லை. மழை நாளிலும் பொறுப்பாகத் தினமும் ஒரு குடம் ஊற்றி மாமியின் துளசியை அழுக அடித்துவிட்டாராம். இன்றைக்குத் துளசிக்குப் பூஜை. சாயங்காலம் விளக்கேற்றுவதை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று மாமி பெங்களூரிலிருந்து உத்தரவு போட்டிருக்கிறார்.

"செடி போனதை அவகிட்ட இன்னும் சொல்லலைம்மா. உங்காத்துச் செடி அதோட பொண்ணுதானே? சாயங்காலம் ஒரு அஞ்சு நிமிஷம் இங்கே ஏத்திண்டு போயிடறேன். பெயிண்ட் வாளி தெரியாம போனை மேலே தூக்கிப் பிடிச்சுக்கறேன்."

பாவமாக இருந்தது. தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். ஜெபக் கூட்டமும் அதே சாயங்காலம் என்பது மண்டையில் ஏறவில்லை.

குளித்துவிட்டு வந்தால் வாளியில் மஞ்சளும் குங்குமமும். செடிக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு நெல்லிக் கொம்பு குத்தி வைத்திருந்தது, காயோடு. நல்ல பெரிய காய், ஏழு. எனக்காகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், என்ன மனசு என்று நெகிழ்ந்து போனேன். ஆனால் கொம்பைக் குத்தினால் நெல்லி வராதே, இதுகூடத் தெரியாதா? பிடுங்கினேன். ஏழு காயையும் இஞ்சி போட்டு அடித்து, வடிகட்டி, ஒரே மூச்சில் குடித்தேன். கொம்பு குப்பைக்குப் போயிற்று.

மாலை ஆறு மணி. பன்னிரண்டு பேர் வந்தார்கள். ரோஸி அக்கா செருப்பைக் கழற்றும்போதே குங்குமத்தைப் பார்த்துவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். பாடகர் குழுத் தலைவன் ஆல்வின் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி ஜெபத்தை ஆரம்பித்தான். பாதியில் கேட் கிறீச்சென்றது.

சார். நெற்றி நிறைய விபூதி, ஒரு கையில் விளக்குத் தட்டு, இன்னொரு கையில் போன். போனுக்குள் மாமி.

ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. சாருக்கும் உள்ளே கூட்டத்தைப் பார்த்து வெலவெலத்துப்போயிற்று. ஆனால் மாமிக்கு என்ன தெரியும்? "ஏன்னா, நெல்லிக் கொம்பு எங்கே? மாப்பிள்ளை இல்லாம என்ன கல்யாணம் பண்ணப் போறேள்?" தெரு முழுக்கக் கேட்டது.

"காத்தாலே வெச்சேனேடி…" சார் வாளியைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துளசிக்கு இன்றைக்குக் கல்யாணம். நெல்லிதான் மாப்பிள்ளை. மாப்பிள்ளையை நான் இஞ்சி போட்டு அடித்துக் குடித்திருக்கிறேன்.

"ஜெபம் நடக்கற வீட்டு வாசல்ல பூஜையா?" ரோஸி அக்கா எழுந்துவிட்டார். "ஞானம், இவரை நீயா வரச் சொன்னே?"

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். சிலேட்டு சமையலறையில் கிடக்கிறது. வாயை மட்டும் திறந்திருந்தால் ரெண்டே நிமிஷத்தில் அத்தனை பேரையும் உட்கார வைத்திருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்தேன், உப்புக் கரித்தது. தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம், நான்தான்.

அப்போது இவர் எழுந்து நின்றார். ஜெபக் கூட்டத்தில் ஒரு நாளும் வாய்விட்டு ஜெபிக்காத மனுஷன். பிஸ்கெட் தட்டை நீட்டுவதோடு சரி.

"அது எங்க வூட்டு மருந்துச் செடி. சார் எங்க பக்கத்து வூடு. வெள்ளம் வந்தப்போ ரெண்டு நாளு இவுரு மாடியிலதான் நாங்க கெடந்தோம். அந்த மாடில ஒக்காந்துதான் நாங்க ஜெபம் பண்ணோம். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல அவுரு. இப்போ அஞ்சு நிமிசம் வெளக்கேத்திக்கினு போட்டும். அதுவரிக்கும் நாம உள்ள ஜெபம் பண்ணலாம். ஆல்வின், நீ ஆரம்பிப்பா."

ஆல்வின் ஆரம்பிக்கவில்லை. ரோஸி அக்காவோடு நான்கு பேர் கிளம்பிப் போனார்கள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. ஜெபத்தை இவரே முடித்தார், மூன்று வரியில். சார் அவசர அவசரமாக விளக்கைக் காட்டிவிட்டு மாமியை அணைத்துவிட்டுப் போய்விட்டார். போனைத்தான்.

 நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 14, வியாழன்

சாரிடம் சிலேட்டை நீட்டினேன்: நெல்லிக்காயை நான் சாப்பிட்டுவிட்டேன். தெரியாமல் நடந்தது. மன்னிக்கவும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "ஏழையுமா?"

தலையாட்டினேன். அவர் முகம் வாடித்தான் போயிற்று. பிறகு சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "நெல்லின்னா பெருமாள். பெருமாளே உங்க தொண்டைக்குள்ள எறங்கிட்டார் போங்கோ. இனிமே அவர் பாத்துப்பார். மாமிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ."

சிலேட்டு: நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆல்வின் வீட்டுக்கு வந்தான். மோரைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே தெரிந்துவிட்டது.

"அக்கா, இந்த வருஷம் சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு சான்ஸ் கொடுக்கலாம்னு… சோலோ ஜான்சி பாடட்டும்னு…"

ஜான்சி, ரோஸி அக்காவின் தங்கை மகள். படிப்புக்காக அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். காட்டாங்குளத்தூர் காலேஜில் ரெண்டாம் வருஷம். நல்ல குரல்தான், பொய் சொல்ல மாட்டேன்.

சிலேட்டு: தொண்டையாலா, செடியாலா?

"ரெண்டும்தான்க்கா." நேர்மையான பையன், ஒத்துக்கொண்டான். "தொண்டை சரியாயிடும்னு நான் சொல்லிப் பாத்தேன். செடி விஷயத்துலதான் எல்லாரும்… யாரும் தூக்கிப் போடச் சொல்லலக்கா. பின்பக்கம் வெச்சிட்டீங்கன்னா நான் மறுபடி பேசிப் பாக்கறேன். வாசல்ல இருக்கறதுதான் பிரச்சினை."

சிலேட்டு: பின்பக்கம் வெயில் வராது. வெயில் வாசலில்தான் வருகிறது.

"வெயிலுக்காகவா இவ்ளோ பிடிவாதம்?"

எழுதினதற்குக் கீழே ரெண்டு கோடு போட்டேன். பல்பம் உடைந்தது. அவன் போய்விட்டான்.

இங்கே நிஜத்தை எழுதலாம். வெயில் மட்டும் இல்லை. இத்தனை நாள் வாசலில் வைத்ததை இப்போது பின்னால் தூக்கிக்கொண்டு போனால், நான் ஏதோ தப்பு செய்தேன் என்று ஆகிவிடாதா? மருந்தை ஒளிச்சு வெச்சுத் திங்க நான் என்ன திருடியா? அன்னைக்கு இவர் எழுந்து நின்னு சொன்னதெல்லாம் பொய்யா? இந்தச் செடி பிசாசுன்னா பைபிள்ல ஈசோப்பு ஈசோப்புன்னு வருதே, அதுவும் செடிதானே?

பாட்டு போய்விட்டது. பதினேழு வருஷம். அழுதேன். சத்தமில்லாமல் அழுவதற்கும் பழகிவிட்டது.

நவம்பர் 20, புதன்

ரோஸி அக்காவிடம் சொல்ல வேண்டியவற்றைக் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறேன். இன்றைக்கு இருபத்தேழு ஆகிவிட்டது. வாய் திறக்கிற அன்றைக்கு ஒன்று விடாமல் கேட்பேன்.

நவம்பர் 25, திங்கள். முப்பத்து நான்காம் நாள்

பயமாக இருக்கிறது. தொண்டையில் வலி இல்லை, கரகரப்பு இல்லை, சரி. ஆனால் உள்ளே குரல் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? திறந்து பார்க்காமல் எப்படித் தெரியும்? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரே ஒரு ‘ஆ’ சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன். மூடிவிட்டேன். முப்பத்து நான்கு நாளை ஒரு ‘ஆ’வுக்குக் கொடுக்க மாட்டேன்.

சாப்பிடும்போது இவர் சொன்னார்: "எனக்கும் பாடகர் குழுல சேரணும்னு ஆசை. கல்யாணமான புதுசுல வந்து பாடிக் காமிச்சேன். சுருதி நிக்கலன்னு அனுப்பிட்டாங்க. நீயுந்தான் அங்க ஒக்காந்துகினு இருந்த."

இருந்தேன். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இத்தனை வருஷம் அதை அவர் ஞாபகம் வைத்திருக்கிறார். சிலேட்டை எடுத்தேன். ‘ஸாரி’ என்று எழுதினேன். "அட, வுடும்மா" என்று கையாலேயே அழித்தார்.

நவம்பர் 30, சனி

புயல். காலையிலிருந்து கரண்ட் இல்லை. முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்கிறார்கள். காற்று வாளியையே உருட்டப் பார்த்தது. இவர் நனைந்துகொண்டே போய்த் தூக்கி வந்து, ஹாலில் பைபிள் வசனக் காலண்டருக்குக் கீழே வைத்தார்.

"வாசல்ல வேணாம்னாங்க. இப்போ நடு வூட்லயே வந்து ஒக்காந்துகிச்சு பாரு."

சிரிப்பை அடக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சத்தமாகச் சிரிக்கவும் எனக்கு அனுமதி இல்லையே.

டிசம்பர் 1, ஞாயிறு. நாற்பது

முடித்துவிட்டேன். நாளைக்கு டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் திறக்க மாட்டேன். வெயில் வந்துவிட்டது. வாளி மறுபடி வாசலுக்குப் போயிற்று.

டிசம்பர் 2, திங்கள்

மறுபடி கேமரா. "ஈ சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஏதோ ஒரு சத்தம் வந்தது. என்னுடையதுதான்.

"பாதிக்கு மேல சுருங்கிடுச்சு. ஆபரேஷன் வேணாம். மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா பேசலாம்." எனக்குள் மணி அடித்தது. "ஆனா பாட்டு பொங்கலுக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னால ஒரு வரி பாடினாலும் திரும்பி வந்துடும்."

வெளியே வந்தோம். பாட்டை அவர்கள் எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தாலும் நான் பாடியிருக்க முடியாது. இதற்குச் சிரிப்பதா, அழுவதா? இவர் டீக்கடைக்குக் கூட்டிப் போனார். "இன்னா சாப்பிடற?"

"காபி."

நாற்பது நாளைக்கு அப்புறம் முதல் வார்த்தை. தெளிவாக வந்தது, ஓட்டை இல்லாமல். இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சொன்ன? மறுபடி சொல்லு."

"காபி."

கடைக்காரர் டம்ளரை நீட்டிக்கொண்டே இருக்கிறார். இவர் வாங்காமல் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காபியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். நாளையிலிருந்து மறுபடி கஷாயம்தான். இன்றைக்கு யாரும் என்னை ஒன்றும் கேட்கக் கூடாது.

டிசம்பர் 3, செவ்வாய்

டாக்டர் சொல்கிறார், ஓய்வுதான் காரணம். சார் சொல்கிறார், துளசியும் அந்த ஏழு நெல்லிக்காயும். சர்ச் வாட்ஸ்அப்பில் ‘சகோதரி ஞானஜோதிக்காக ஏறெடுத்த ஜெபம் கேட்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறார்கள். இருக்கட்டும், எல்லாருக்கும் நன்றி. ஆனால் மூடியிருந்த வாய் யாருடையது? அந்த வாய்க்கு ஒருத்தராவது ஒரு சபாஷ் சொன்னார்களா?

டிசம்பர் 5, வியாழன்

"பொங்கல் வரிக்கும் பாட முடியாதுன்னு ஆல்வின்கிட்ட சொல்லிடேன். சண்டை முடிஞ்சிரும்ல?" என்கிறார் இவர்.

முடியும். நானாக விட்டுக்கொடுத்தேன் என்று ஆகிவிடும், அவர்களுக்கும் நிம்மதி. சொல்ல மாட்டேன். எடுத்தார்கள், எடுத்ததாகவே இருக்கட்டும்.

டிசம்பர் 17, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து (இப்போது வகுப்பில் கத்துவதில்லை, கைமணிதான்) தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளிக்குள் விதை உதிர்ந்து சின்னச் சின்னதாக ஏழெட்டு முளைத்திருக்கிறது. கேட்டில் ரோஸி அக்கா. ஒரு மாதத்துக்கு மேலாகப் பேச்சில்லை. உள்ளே வரவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை, செடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கில்ல. ஜான்சிக்கு. தினம் பிராக்டிஸ், வீடு வீடா கேரல் ரவுண்ட்ஸ், குரல் கட்டிப்போச்சு. ஞாயித்துக்கிழமை பாடணும். உன் கஷாயம் எப்படின்னு…"

எழுதத்தான் வேண்டும், இது என் நோட்டு. முதலில் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம். நல்லா வேணும் என்று தோன்றிற்று. கடைசிப் பக்கத்தில் முப்பத்தொன்று வரைக்கும் எழுதி வைத்திருந்தேன், அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பிள்ளையின் தொண்டை ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தால் தன் குரல் வராது என்பது எப்படி இருக்கும் என்று இந்தத் தெருவில் என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சார் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறித்தேன்.

"பத்து இலை, ஒரு ஆடாதோடை, மிளகு, சித்தரத்தை. பாதியா வத்தணும். ஆனா அக்கா, இதெல்லாம் துணைக்குத்தான். மருந்து வேற."

"என்ன மருந்து?"

"வாயை மூடறது. ஞாயித்துக்கிழமை வரைக்கும். அதுக்கும் சரியாகலன்னா பாட வைக்காதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"சரி, அவகிட்ட சொல்றேன்."

"அவ மட்டும் மூடினா போதாது. வீட்ல ஒருத்தர் கேள்வி கேட்டா இன்னொருத்தர் பதில் சொல்லித்தானே ஆகணும்? நீங்களும் மூடணும். போன் கிடையாது. ஜெபம்கூட மனசுக்குள்ளதான்."

"நானுமா?"

"நீங்கதான்க்கா முக்கியம்."

உள்ளே போய் சிலேட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். பல்பமும் ரெண்டு கொடுத்தேன். அக்கா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். சிலேட்டைக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

முப்பத்தொன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

கேரல் ஆராதனை. ஒன்பதாவது வரிசையில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து கேரல் ஆராதனைக்கு இவர் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை, நான் எப்போதும் பாடகர் குழுவில்.

ஜான்சி எழுந்து நின்றாள். அந்த மேல் சுரம் வருகிற இடத்தில் மூச்சை நானும் சேர்த்துப் பிடித்தேன். வந்தது. சுத்தமாக வந்தது. எனக்குப் பொறாமை இருந்தது, சந்தோஷமும் இருந்தது. ரெண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் சபையார் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். இவர் என் காதுக்குப் பக்கத்தில் முழுக் குரலில் பாடினார். சுருதி நிற்கவே இல்லை. நான் பாட முடியாமல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆல்வின் தட்டோடு வந்தான். அவனுக்குப் பின்னால் ரோஸி அக்கா. கையில் என் சிலேட்டு! பெரியம்மா ஐந்து நாளாக வாயே திறக்கவில்லை என்று ஜான்சி வந்து காதில் சொன்னாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பாட்டு முடிந்துவிட்டது, அக்கா இனிமேல் பேசலாம். ஆனாலும் பேசாமல் சிலேட்டைத்தான் நீட்டினார்.

‘வாளியில் முளைத்திருக்கிறதே, அதில் ஒரு கன்று தருவாயா? பின்பக்கம் வைத்துக்கொள்கிறேன்.’

"பின்பக்கம் வெயில் வராதுக்கா," என்றேன், ஆல்வினுக்கும் கேட்கிற மாதிரி. "வாசல்ல வைங்க."